ஒரு கம்பிக் கம்பெனியின் கதை

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட அரசியல் வகுப்பில் ஆற்றிய உரை)



சென்ற வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது நூற்புப் பகுதித் தோழர் ஒருவர் என்னை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார். "ஆலை கைமாறப் போகிறது என்கிறார்கள். முதலாளி மாறினால் நாம் போட்ட ஒப்பந்தம் என்ன ஆகும்?" சட்டப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்லலாம். ஆனால் சட்டத்தில் எழுதியிருப்பது ஒன்று, கம்பெனிகள் கைமாறும்போது நடப்பது வேறொன்று. ஆகவே இன்று ஒரே ஒரு கம்பெனியின் ஜாதகத்தை ஆதி முதல் எடுத்துச் சொல்லுகிறேன். அது இங்கே உள்ள கம்பெனி அல்ல. அமெரிக்காவிலே வீடு வீடாகக் கம்பி இழுத்து டெலிவிஷன் காட்டிய கம்பெனி. டைம் வார்னர் கேபிள் என்று பெயர். பத்திரிகை, சினிமா என்று கோடி கோடியாகக் குவித்த டைம் வார்னர் சாம்ராஜ்யத்தின் ஒரு பிரிவு அது. இன்றைக்கு அந்தப் பெயரில் கம்பெனியே கிடையாது. 2016-ம் ஆண்டில் வேறொன்று அதை விழுங்கிவிட்டது. விழுங்கியபோது அதில் உழைத்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதுதான் நமக்கு விஷயம்.

இந்தக் கம்பி வியாபாரத்தைக் கோடீஸ்வரர்கள் ஆரம்பிக்கவில்லை. பென்சில்வேனியா மாகாணத்திலே நிலக்கரி மலைகள் இருக்கின்றன. சுரங்கத் தொழிலாளிகள் வாழ்ந்த ஊர்கள் பள்ளத்தாக்கிலே இருந்தன. 1940-களின் கடைசியில் டெலிவிஷன் வந்தது. நகரத்திலிருந்து வரும் அலை மலையில் மோதி அங்கேயே நின்றுவிடும், ஊருக்குள் இறங்காது. ரேடியோக் கடைக்காரரால் ஒரு பெட்டி கூட விற்க முடியவில்லை. என்ன செய்தார்? மலை உச்சியில் ஆன்டெனாவை நட்டு, அங்கிருந்து வீடுகளுக்குக் கம்பி இழுத்தார். லான்ஸ்போர்டு என்ற சுரங்க ஊரில் 1950-ல் ராபர்ட் டார்ல்டன் என்பவர் இப்படிச் செய்தார். மேற்குக் கரையில் அஸ்டோரியா என்ற ஊரில் எட் பார்சன்ஸ் என்பவர் 1948-லேயே செய்திருந்தார். ஊருக்குப் பொதுவாக ஒரு ஆன்டெனா, அவ்வளவுதான்.

மலை இருக்கும் இடத்தில் கம்பி தேவைப்பட்டது. நியூயார்க்கிலே மலை இல்லை. ஆனால் வானளாவிய கட்டடங்கள் உண்டு. அவையும் அலையை மறைத்தன. சார்லஸ் டோலன் என்ற வியாபாரி 1965-ல் மன்ஹாட்டன் தீவின் தென்பகுதிக்கு நகரசபையிடம் உரிமம் வாங்கி, தெருவைத் தோண்டித் தரைக்கடியில் கம்பி போட்டார். பணம் போதவில்லை. பணம் கொடுத்து உள்ளே வந்தது டைம் கம்பெனி. இந்த டைம் கம்பெனியை அறிமுகப்படுத்த வேண்டும். ஹென்றி லூஸ் என்பவர் 1923-ல் ஆரம்பித்த டைம் பத்திரிகைதான் அதன் வேர். சீனத்திலே சியாங் கே ஷேக்கைத் தூக்கிப் பிடித்து, கம்யூனிஸ்டுகளைத் திட்டித் திட்டியே அச்சு எந்திரத்தைத் தேயவிட்ட பத்திரிகை அது. அந்தக் கம்பெனி 1973-ல் டோலனிடமிருந்து மன்ஹாட்டன் கம்பியைத் தன் பிடிக்குள் கொண்டுவந்தது. 1978-ல் டென்வர் நகரத்தில் இருந்த ஏ.டி.சி. என்ற பெரிய கேபிள் கம்பெனியையும் முழுதாக எடுத்துக்கொண்டது.

இதற்கு நடுவில் ஒரு வேடிக்கை. டோலனின் யோசனைப்படி, காசு கொடுத்தால்தான் பார்க்க முடியும் என்ற எச்.பி.ஓ. சானல் 1972 நவம்பர் 8-ல் தொடங்கியது. எங்கே தொடங்கியது? மறுபடியும் பென்சில்வேனியா நிலக்கரிப் பிரதேசத்தில், வில்க்ஸ்-பேர் என்ற ஊரில். அன்று பார்த்தவை 365 வீடுகள். முதலில் ஒரு ஹாக்கி ஆட்டம்; பிறகு ஒரு சினிமா. அந்தச் சினிமாவின் கதை என்ன தெரியுமா? மரம் வெட்டும் தொழிலாளிகள் எல்லாம் ஸ்டிரைக் செய்யும்போது, ஒரு குடும்பம் மட்டும் அதை மீறி மரம் வெட்டிக் கம்பெனிக்குக் கொடுக்கிறது; அந்தக் குடும்பம்தான் கதாநாயகக் குடும்பம்! சுரங்கத் தொழிலாளிகளின் ஊரிலே முதல் நாள் காட்டுவதற்கு வேறு படம் கிடைக்கவில்லை போலும். திட்டமிட்டுச் செய்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்கள் கண்ணுக்கு அது உறுத்தவில்லை, அவ்வளவுதான்.

சவ வண்டியிலிருந்து சினிமாவுக்கு

இனி வார்னர் என்ற மறுபாதி. இதன் பூர்வீகம் இன்னும் விசித்திரம். ஸ்டீவ் ராஸ் என்பவர் கல்யாணம் செய்துகொண்ட வீட்டாருக்கு நியூயார்க்கில் சவ அடக்கத் தொழில். பகலில் சவ ஊர்வலத்துக்குப் போகும் கார்கள் இரவில் சும்மா நிற்கின்றனவே என்று மருமகன் பார்த்தார், வாடகைக்கு விட்டார். பிறகு கின்னி என்ற கார் நிறுத்துமிடக் கம்பெனியோடு சேர்ந்தார். கட்டடங்களைக் கூட்டிப் பெருக்கும் காண்டிராக்டும் வந்தது. 1969-ல் இந்தக் கம்பெனி வார்னர் சினிமா ஸ்டூடியோவையே வாங்கிற்று. 1970-களின் ஆரம்பத்தில் கேபிள் கம்பெனிகளையும் வாங்கியது. மூலதனத்துக்குச் சவ வண்டியும் ஒன்றுதான், சாவித்திரி படமும் ஒன்றுதான். எங்கே லாபமோ அங்கே போய் உட்காரும்.

1979-ல் வார்னர் தன் கேபிள் பிரிவில் பாதியை அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கம்பெனிக்குக் கொடுத்துக் கூட்டாளியாகச் சேர்த்தது. அந்தக் காலத்தில் பெரிய நகரங்கள் உரிமம் வழங்கிக்கொண்டிருந்தன. கம்பெனிகள் போட்டி போட்டு வாக்குறுதிகளை அள்ளி வீசின. எஃகு ஆலைகளின் நகரமான பிட்ஸ்பர்க்கில் இந்தக் கூட்டுக் கம்பெனிக்கு உரிமம் கிடைத்தது. கொடுத்த வாக்கைக் காப்பாற்றக் கட்டுப்படியாகவில்லை. 1984-ல் அந்த நகரத்தையே வேறொரு கம்பெனிக்கு விற்றுவிட்டது. நகரம் என்றால் கல்லும் மண்ணும் அல்ல, சந்தா கட்டும் ஜனங்கள். ஜமீன்தார் கிராமத்தை விற்றால் குடிகளும் சேர்ந்தே கைமாறுவார்களே, அந்த மாதிரிதான்.

நஷ்டம் வந்தது. நஷ்டத்தை நிறுத்த 1983-ல் ஒரு புதுத் தலைவரைக் கொண்டுவந்தார்கள். அவர் பெயர் ட்ரூ லூயிஸ். யார் அவர்? ரீகன் சர்க்காரில் போக்குவரத்து மந்திரியாக இருந்தவர். 1981-ல் விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் தொழிலாளிகள் ஸ்டிரைக் செய்தபோது 11,000 பேருக்கு மேல் ஒரே அடியாக வேலை நீக்கம் செய்யப்பட்டார்களே, அப்போது அந்த இலாகாவின் மந்திரி அவர்தான். சர்க்கார் நாற்காலிக்கும் கம்பெனி நாற்காலிக்கும் நடுவே கதவு பூட்டப்படுவதில்லை, தோழர்களே.

அதே 1984-ல் அமெரிக்கப் பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. கேபிள் கட்டணத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் அதுவரை பெரும்பாலும் நகரசபைகளிடம் இருந்தது. அது பறிக்கப்பட்டது. தெருவைத் தோண்டியது நகரத்தின் மண்ணில், கம்பமும் நகரத்தில். ஒரு தெருவுக்கு இரண்டு கம்பெனி கம்பி இழுப்பதில்லை. ஆகவே போட்டி என்பதே கிடையாது. இப்படி இருக்கும்போது கட்டணத்தையும் அவிழ்த்துவிட்டால் என்ன ஆகும்? மற்ற விலைவாசி ஏறியதைக் காட்டிலும் வேகமாகக் கேபிள் கட்டணம் ஏறிற்று. ஜனங்களின் கூச்சல் எவ்வளவு பலமாக இருந்தது என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. 1992-ல் கட்டணத்துக்கு மறுபடி கடிவாளம் போடப் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. ஜனாதிபதி புஷ் அதை நிராகரித்தார். அவர் காலத்தில் நிராகரித்த மசோதாக்களில் பாராளுமன்றம் அவரை மீறி நிறைவேற்றியது இது ஒன்றுதான். ஆனால் முதலாளிகள் சும்மா இருப்பார்களா? 1996-ல் இன்னொரு சட்டம் வந்தது. 1999-ல் பெரும்பாலான கட்டணங்களின் கடிவாளம் மறுபடி கழன்றது.

இரண்டு மலைப்பாம்புகள்

1989-ல் டைமும் வார்னரும் இணைவதாக அறிவித்தன. நடுவில் வேறொரு கம்பெனி டைமை விழுங்க வந்தது. தப்பித்துக்கொள்வதற்காக டைம் கடன் வாங்கி, சுமார் 1,400 கோடி டாலருக்கு வார்னரை வாங்கியது. 1990-ல் இணைப்பு முடிந்தபோது புதிய கம்பெனியின் தலையில் 1,000 கோடி டாலருக்கு மேல் கடன். அந்த வருஷம் ஸ்டீவ் ராஸுக்குக் கிடைத்த தொகை சுமார் 7 கோடியே 80 லட்சம் டாலர். மறு வருஷம், 1991-ல், சிக்கனம் என்ற பெயரால் பத்திரிகைப் பிரிவில் அறுநூறு பேர் வரையில் வெளியேற்றப்பட்டார்கள். இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். இரண்டு வீட்டுக் கேபிள் பிரிவுகளும் ஒன்றாக்கப்பட்டு டைம் வார்னர் கேபிள் ஆனது இப்படித்தான்.

பிறகு நடந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2000 ஜனவரியில் அமெரிக்கா ஆன்லைன் என்ற இன்டர்நெட் கம்பெனி வந்து டைம் வார்னரைச் சேர்த்துக்கொள்வதாக அறிவித்தது. அதன் பங்குகள் காற்றடைத்த பலூன் போல் ஊதியிருந்த நேரம். பேரம் சுமார் 16,500 கோடி டாலர் என்றார்கள். பலூன் வெடித்தது. 2002-ம் ஆண்டுக் கணக்கில் கம்பெனி காட்டிய நஷ்டம் 9,870 கோடி டாலர். அதே ஆண்டில் அடெல்பியா என்ற இன்னொரு கேபிள் கம்பெனி திவாலாயிற்று. அதன் முதலாளிக் குடும்பம் கம்பெனிப் பணத்தைத் தன் பணமாகக் கருதிக் கையாண்ட குற்றத்துக்காகத் தகப்பனும் மகனும் சிறைக்குப் போனார்கள். அந்தக் கம்பெனியின் கம்பிகளை 2006-ல் டைம் வார்னர் கேபிளும் காம்காஸ்ட் கம்பெனியும் பங்கு போட்டுக்கொண்டன.

இப்போது நிதானமாகக் கேளுங்கள். 2009 மார்ச்சில் தாய்க் கம்பெனியான டைம் வார்னர் தன் கேபிள் பிரிவைத் தனிக் குடித்தனம் வைத்தது. பிரித்து அனுப்பும்போது பிள்ளைக்கு ஏதாவது கொடுத்து அனுப்புவது வழக்கம் என்று நாம் நினைப்போம். அங்கே தலைகீழ். போகிற பிள்ளை பங்குதாரர்களுக்கு 1,090 கோடி டாலர் விசேஷ டிவிடெண்டு கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. அதில் தாய்க் கம்பெனிக்கு மட்டும் 925 கோடி டாலர். இந்தப் பணம் பெட்டியில் இருந்ததா? இல்லை. கேபிள் கம்பெனி தன் பெயரில் கடன் வாங்கிக் கொடுத்தது. அந்தக் கடனை அடைக்கப் போவது யார்? மாதா மாதம் சந்தா கட்டுகிற குடும்பங்களும், கம்பத்தில் ஏறிக் கம்பி கட்டுகிற தொழிலாளியும்தான். ஒரு கம்பி புதிதாக இழுக்கவில்லை, ஒரு வீட்டுக்குக் கூடுதல் இணைப்புக் கொடுக்கவில்லை. காகிதத்தில் ஒரு கையெழுத்து. 925 கோடி டாலர் கைமாறிவிட்டது. நமது பகுதியில் ஆலை ஒன்று, பேர் வேண்டாம், தொழிலாளிகளிடம் பிடித்த பிராவிடண்ட் பணத்தைக் கட்டாமல் வைத்திருந்தபோது "ஆலையில் பணமே இல்லை" என்று நம்மிடம் சொன்னார்கள் அல்லவா? அன்றிலிருந்து "பணம் இல்லை" என்று எந்த முதலாளி சொன்னாலும், பணம் எந்த வாசல் வழியாக வெளியே போயிற்று என்றுதான் நான் முதலில் கேட்பது.

தனிக் குடித்தனம் நீடிக்கவில்லை. 2014-ல் காம்காஸ்ட் 4,500 கோடி டாலருக்குக் கேட்டது. நாட்டிலேயே முதல் பெரிய கேபிள் கம்பெனி இரண்டாவதை விழுங்குவதா என்று எதிர்ப்புக் கிளம்பியது. சர்க்கார் அதிகாரிகளும் சம்மதிக்கவில்லை. 2015 ஏப்ரலில் அது கைவிடப்பட்டது. அடுத்த மாதமே சார்ட்டர் என்ற கம்பெனி வந்தது. இந்தச் சார்ட்டர் 2009-ல் திவால் நோட்டீஸ் கொடுத்த கம்பெனி! ஏழே வருஷத்தில், 2016 மே 18 அன்று, தன்னைவிடப் பெரிய டைம் வார்னர் கேபிளை, கடனையும் சேர்த்தால் ஏறத்தாழ 7,870 கோடி டாலர் மதிப்பில், விழுங்கி முடித்தது. ஸ்பெக்ட்ரம் என்று புதுப் பெயர் சூட்டியது. அந்த ஆண்டில் சார்ட்டரின் தலைமை அதிகாரி டாம் ரட்லெட்ஜுக்குக் கிடைத்தது 9 கோடியே 85 லட்சம் டாலர். அந்த ஆண்டு அமெரிக்காவிலேயே மிக அதிகம் பெற்ற கம்பெனித் தலைவர்களின் வரிசையில் முதலில் நின்றவர் அவர்.

1,800 பேர்

நியூயார்க் நகரத்திலே இந்தக் கம்பியைப் பழுது பார்த்து வந்த தொழிலாளிகள் மின்சாரத் தொழிலாளர் சங்கத்தின் 3-ம் கிளையைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய ஒப்பந்தம் 2013-லேயே காலாவதியாகியிருந்தது. புதிது போடாமல் இழுத்துக்கொண்டே வந்தார்கள். சங்கமும் முதலாளிகளும் சேர்ந்து நடத்தும் ஓய்வூதிய நிதி, வைத்திய நிதி இரண்டும் அந்தத் தொழிலாளிகளுக்கு இருந்தன. சார்ட்டர் என்ன சொல்லிற்று? "அந்த நிதிகளுக்கு இனிக் கட்ட மாட்டோம். கம்பெனியின் சொந்த வைத்தியத் திட்டத்துக்கு வாருங்கள். ஓய்வூதியத்துக்குப் பதில், பங்கு மார்க்கெட்டில் போடுகிற சேமிப்புக் கணக்கு தருகிறோம்" என்றது. 2017 மார்ச் 28 அன்று சுமார் 1,800 பேர் வேலையை நிறுத்தி வெளியே வந்தார்கள்.

கூலி உயர்வு கேட்டு அல்ல. இருப்பதைப் பறிக்காதே என்றுதான் வந்தார்கள். கம்பெனி மாற்று ஆட்களைக் கொண்டுவந்து வேலையை நடத்தியது. செப்டம்பரில் புரூக்ளின் பாலத்தின் மீது பெரிய ஊர்வலம் போயிற்று. மாகாண கவர்னரும் வந்தார், நகர மேயரும் ஆதரவு சொன்னார். பாலத்தைக் கடந்து எல்லோரும் வீடு திரும்பினார்கள். மறுநாள் காலையிலும் கருங்காலிகளை ஏற்றிய கம்பெனி வண்டிகள் வழக்கம்போல் ஓடின.

அமெரிக்கச் சட்டத்தின் அழகைக் கேளுங்கள். ஸ்டிரைக் செய்தவனை டிஸ்மிஸ் செய்யக் கூடாதாம். ஆனால் அவன் இடத்தில் நிரந்தரமாக வேறொருவனை வைத்துக்கொள்ளலாமாம்! 1938-ல் அவர்களது சுப்ரீம் கோர்ட் சொன்ன வாக்கு இது. அதோடு, சங்கம் வேண்டுமா வேண்டாமா என்று ஓட்டெடுப்பு நடந்தால், அப்படி இடம் பறிகொடுத்த ஸ்டிரைக்காரனுக்குப் போராட்டம் தொடங்கி 12 மாதம் வரையில்தான் ஓட்டு. அதற்குப் பிறகு ஓட்டு, உள்ளே புகுந்தவனுக்கு மட்டும். ஆகவே முதலாளி செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: காலண்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. அப்படியே நடந்தது. மாற்று ஆட்களின் தரப்பிலிருந்து, சங்கத்தின் அங்கீகாரத்தை நீக்க வேண்டும் என்று மனுவும் வந்தது.

இதே காலத்தில் கம்பெனியின் யோக்கியதையும் வெளிச்சத்துக்கு வந்தது. சொன்ன வேகத்தில் இன்டர்நெட் கொடுக்காமல் சந்தாதாரர்களை ஏமாற்றியதாக நியூயார்க் மாகாணத்தின் அட்டார்னி ஜெனரல் 2017-ல் வழக்குப் போட்டார். 2018 டிசம்பரில் 17 கோடியே 42 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆயிற்று. அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2018 ஜூலையில், கிராமப் பகுதி வீடுகளுக்குக் கம்பி இழுப்பதாகக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றவில்லை என்று மாகாணப் பொதுச் சேவைக் கமிஷன் இணைப்புக்குக் கொடுத்த சம்மதத்தையே ரத்துச் செய்தது. மாகாணத்தை விட்டு வெளியேறத் திட்டம் கொடு என்றது. வெளியேறினார்களா? 2019-ல் அதுவும் சமரசத்தில் முடிந்தது. சமரசத்தில் 1,45,000 வீடுகள், கடைகளுக்குக் கம்பி இழுக்க வேண்டும் என்று இருந்தது. வெளியே நின்ற 1,800 பேரின் ஓய்வூதியத்துக்கு அதில் வழி பிறக்கவில்லை.

வேலைநிறுத்தம் ஐந்து வருஷத்துக்கு மேல் இழுத்தது. நடுவில் கொரோனாக் கொள்ளைநோயும் வந்தது. குடும்பங்கள் கடனில் மூழ்கின. பலர் வேறு வேலைக்குப் போனார்கள். 2022 ஏப்ரலில், வெற்றி என்று சொல்லிக்கொள்ளும்படியான ஒப்பந்தம் எதுவும் இல்லாமலே, அது முடிவுக்கு வந்தது.

இதை நான் மறைத்துப் பேச விரும்பவில்லை. சில தோழர்கள், வெற்றி பெற்ற போராட்டங்களை மட்டுமே கூட்டங்களில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த 1,800 பேரிடம் உறுதிக்குக் குறைவில்லை. ஐந்து வருஷம் நிற்பது லேசான காரியமா? ஆனால் சார்ட்டர் கம்பெனியில் நாடு முழுவதும் அப்போது வேலை செய்தவர்கள் 90,000 பேருக்கு மேல். அவர்களில் பெரும்பாலோருக்குச் சங்கமே கிடையாது. ஒரே நகரத்து ஆட்கள் மட்டும் வெளியே நின்றார்கள். மற்ற ஊர்களில் கம்பி அறுபடாமல் சந்தா வசூலாகிக்கொண்டே இருந்தது. இருபது ஊரில் பண்ணை வைத்திருக்கிற மிராசுதார், ஒரு ஊரில் மட்டும் அறுவடை நின்றால் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் காத்திருப்பான். முதலாளிகள் நாற்பது வருஷமாக ஒருவரை ஒருவர் விழுங்கி ஒன்றானார்கள். தொழிலாளிகளின் சங்கமோ ஒரு நகரத்தின் எல்லையோடு நின்றுவிட்டது. என் கருத்து இது. இதில் மாறுபடுகிறவர்கள் வகுப்பு முடிந்ததும் வாருங்கள், பேசுவோம்.

போராட்டத்தில் நின்றவர்களில் சிலர் வேறொரு காரியமும் செய்தார்கள். நியூயார்க்கின் ஏழைகள் மிகுந்த பிராங்க்ஸ் பகுதியில், கொள்ளைநோய்க் காலத்தில் பள்ளிக்கூடம் மூடி, பாடமெல்லாம் இன்டர்நெட்டுக்குப் போனபோது, பணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகள் பாடம் இழந்தார்கள். இந்தத் தொழிலாளிகள் சேர்ந்து பீப்பிள்ஸ் சாய்ஸ் கம்யூனிகேஷன்ஸ் என்று ஒரு கூட்டுறவு அமைத்து, கட்டடங்களின் மொட்டை மாடியில் ஆன்டெனா நட்டு, குறைந்த கட்டணத்தில் இணைப்புக் கொடுக்கலானார்கள். தொழிலாளிகளே உடைமையாளர்கள். சிறிய முயற்சிதான், சார்ட்டரை அது அசைத்துவிடவில்லை. 2025 மே மாதத்தில் சார்ட்டர் இன்னொரு கம்பெனியை, காக்ஸ் என்பதை, 3,450 கோடி டாலருக்கு வாங்கப் போவதாக அறிவித்தது.

ஒரு சீட்டு வந்திருக்கிறது. "கம்பெனி கொடுக்கும் சேமிப்புக் கணக்கும் பணம்தானே, சங்க நிதியும் பணம்தானே, இதற்காகவா ஐந்து வருஷம்?" என்று எழுதியிருக்கிறார். நல்ல கேள்வி. சங்க நிதியில் பல கம்பெனிகள் பணம் கட்டுகின்றன. தொழிலாளி ஒரு கம்பெனியை விட்டு, அதே நிதியில் இருக்கும் மற்றொன்றுக்குப் போனாலும் அவன் சர்வீஸ் அறுந்து போவதில்லை. வயதான பின் மாதம் இவ்வளவு என்று கணக்குப்படி கிடைக்கும். சேமிப்புக் கணக்கில் அப்படி இல்லை. மார்க்கெட் ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும், தீர்ந்தால் தீர்ந்ததுதான். முன்னதில் நஷ்ட பயம் கம்பெனிக்கு. பின்னதில் நஷ்ட பயம் தொழிலாளிக்கு. கடன் வாங்கிக் கம்பெனி வாங்குகிறவனுக்கு எது பிடிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் கேட்ட தோழருக்கு: ஆலையை வாங்க வருகிறவர் யார், யாரிடம் கடன் வாங்கி வாங்குகிறார், பிராவிடண்ட் பாக்கி, கிராஜுவிட்டி பாக்கி எவ்வளவு, நம் ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடிகிறது என்று சங்க ஆபீஸில் ஒரு நோட்டில் எழுதச் சொல்லியிருக்கிறேன். அந்த வாங்குகிறவருக்கு வேறு ஊர்களில் ஆலைகள் உண்டா, அங்கே சங்கம் உண்டா என்பதையும் விசாரிக்க வேண்டும். இரண்டாம் ஷிப்டுத் தோழர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தால் எல்லோருமாக உட்கார்ந்து அந்த நோட்டைப் பார்க்கலாம்.